பழைய டிவியைப் புதிய திரையில் வரவழைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பழைய வீடியோ கேம்களைக் கணினியில் ஆடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேமைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த கேமைக் காட்டிய டிவி பெட்டியைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த மாதம் முழுவதையும் அந்தப் பெட்டிக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, சிறுவயதில் ஆடிய சூப்பர் மாரியோவை மடிக்கணினியில் எமுலேட்டர் (பழைய கேம் கருவியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) வழியாக ஆடிப் பார்த்தேன். எல்லாம் சதுரம் சதுரமாக, கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. அன்று டிவியில் இப்படித் தெரிந்ததாக நினைவே இல்லை. என் நினைவுதான் தவறா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் நினைவு சரியானதே. இப்போது மடிக்கணினியில் நீங்கள் பார்ப்பது கேம் கருவி கணக்கிட்டுத் தந்த நிறங்களின் கட்டம். அன்று பார்த்தது அந்த நிறங்களை ஒரு டிவி பெட்டி தன் போக்கில் வரைந்து காட்டிய படம். இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிளும், நிறத்தைப் பிரித்தெடுக்கும் சுற்றும், எலெக்ட்ரான் கற்றையும், அது பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூச்சும் இருந்தன. இவை ஒவ்வொன்றும் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றின.

நின்டெண்டோவின் 8-பிட் கருவி தருவது 256 பிக்சல் அகலமும் 240 வரி உயரமும் கொண்ட படம். ஆனால் படக்குழாய்க்குப் பிக்சல் என்றால் என்னவென்றே தெரியாது. எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே, கூடியும் குறைந்தும் ஒளிரும் கோட்டை இழுத்துச் செல்லும். நம் நாட்டில் இருந்த பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 15,625 கோடுகள். ஓடும் கற்றையால் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குச் சட்டென்று தாவ முடியாது, வழுக்கித்தான் செல்ல முடியும் என்பதால், சதுரத்தின் பக்கவாட்டு ஓரங்கள் தாமாகவே மழுங்கிவிடும். மேலும், தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும். பழைய கேம் கருவிகளோ ஒவ்வொரு முறையும் அதே வரிகளின் மேலேயே மறுபடி வரைந்தன. அதனால் வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய இருள் தங்கியது. வெளிச்சமான இடத்தில் கற்றை தடித்து அந்த இருளை மூடிவிடும். மங்கலான இடத்தில் மெலிந்து அதை வெளியே காட்டும். மாரியோவின் முகத்தில் ஒரு வளைவு இருந்ததாக நமக்குத் தோன்றியதற்கு இந்தத் தடிப்பும் மெலிவுமே காரணம்.

அக்காலத்து ஓவியர்கள் இதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். 1991-இல் வெளிவந்த சோனிக் கேமின் முதல் கட்டத்திலுள்ள அருவியை எமுலேட்டரில் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கோடுகள், ஜன்னல் கம்பிகள் போல. அதே படத்தை மஞ்சள் முனை கொண்ட ஒற்றை வீடியோ கேபிள் வழியாகப் பழைய டிவிக்கு அனுப்பினால், கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும்படியான தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் கேமின் கேசட்டுக்குள் இல்லை. கேபிளும் டிவியும் சேர்ந்து அதை உண்டாக்கின. பழைய கேமைக் காப்பாற்றுவதென்றால் அதனுடன் பழைய டிவியின் நடத்தையையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

கேள்வி: 'ஷேடர்' போட்டால் பழைய டிவி போலத் தெரியும் என்கிறார்கள். அது என்ன? பட்டியலில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே, எதை எடுப்பது? என்னிடம் இருப்பது சாதாரண மடிக்கணினி.
– ஒரு கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஷேடர் என்பது கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரல். கேமின் படம் திரைக்குப் போவதற்கு முன், திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும், "இந்த இடத்தில் ஒரு படக்குழாய் இருந்திருந்தால் எவ்வளவு ஒளிர்ந்திருக்கும்?" என்று கணக்கிட்டு நிறத்தைத் திருத்தும். இதை நொடிக்கு 60 முறை, முழுத் திரைக்கும் செய்ய வேண்டியிருப்பதால் சிப்பின் வலுவைப் பொறுத்தே தேர்வு அமையும்.

ரெட்ரோஆர்ச் என்ற இலவச மென்பொருளில் இவை சேர்ந்தே கிடைக்கின்றன. உங்கள் கணினிக்கு 'இசட்ஃபாஸ்ட் சிஆர்டி' அல்லது 'சிஆர்டி-பை' போதும் (சிஆர்டி என்பது படக்குழாயின் ஆங்கிலச் சுருக்கம்). ராஸ்பெரி பை போன்ற எளிய கருவிகளிலும் ஓடக்கூடியவை இவை. கொஞ்சம் வலுவான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 'சிஆர்டி கெஸ்ட் அட்வான்ஸ்டு' என்பதைப் பரிந்துரைப்பேன். 'சிஆர்டி ராயல்' மிக நுணுக்கமானது, ஆனால் கனமானது. எதை எடுத்தாலும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: திரையின் வளைவு, வரிகளின் இருட்டு, ஓரத்தின் நிழல் ஆகிய மூன்று அளவுகளையும் தொடக்க நிலையிலிருந்து பாதியாகக் குறைத்துவிட்டு ஆடத் தொடங்குங்கள். பழைய டிவி என்றால் குமிழிபோல் உப்பிய கண்ணாடியும் கறுப்புக் கோடுகளும்தான் என்ற எண்ணம் படங்களிலும் விளம்பரங்களிலும் பார்த்துப் பார்த்து வந்தது. வீட்டில் ஆறடி தள்ளி அமர்ந்து ஆடிய யாருக்கும் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்ததில்லை.

கேள்வி: ஷேடர் போட்டதும் படம் இருண்டுவிடுகிறது. போதாக்குறைக்குத் திரை முழுக்கப் பட்டை பட்டையாக அலைகள் தெரிகின்றன. மானிட்டர் கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மானிட்டர் நன்றாகவே இருக்கிறது. இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

அலைகள் வருவது கணக்குப் பிசகினால். உங்கள் திரையின் உயரம் 1080 புள்ளி. கேமின் உயரம் 240 வரி. வகுத்தால் 4.5 வருகிறது. ஒரு வரிக்கு நாலரைப் புள்ளியைக் கொடுக்க வழியில்லாததால் சில வரிகள் நான்கு புள்ளியையும் சில வரிகள் ஐந்து புள்ளியையும் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்கு அலையாகத் தெரிகிறது. ரெட்ரோஆர்ச்சில் முழு எண் பெருக்கத்தை இயக்கினால் படம் 960 புள்ளி உயரத்தில் நின்று அலை மறைந்துவிடும். அல்லது ஐந்து மடங்காக்கி, மேலும் கீழும் 12 வரிகளை வெட்டிவிடலாம். இதில் இழப்பு எதுவும் இல்லை. பழைய டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தே காட்டின, கேம் செய்தவர்களும் அந்த ஓரத்தில் முக்கியமான எதையும் வைப்பதில்லை. 4கே திரை என்றால் 2160-ஐ 240 சரியாக 9 முறை வகுத்துவிடுகிறது. அந்தத் திரைகளில் ஷேடர் இவ்வளவு அழகாக அமைவதற்கு இந்த எளிய வகுத்தலும் ஒரு காரணம்.

இருட்டுக்குக் காரணம் மாஸ்க், அதாவது திரையிலுள்ள நிறத் துணுக்குகளின் அமைப்பு. வண்ணப் படக்குழாயின் உட்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலப் பாஸ்பர்கள் தனித்தனியாகப் பூசப்பட்டிருக்கும். அவற்றை மானிட்டரில் போலச் செய்வதற்கு ஷேடர் ஒரு பத்தியில் சிவப்பை மட்டும், அடுத்ததில் பச்சையை மட்டும், அதற்கடுத்ததில் நீலத்தை மட்டும் எரியவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சந்தான் மிஞ்சும். வரிகளின் இடைவெளி அதிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மானிட்டரின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள்; போதவில்லையென்றால் மாஸ்கின் அடர்த்தியைப் பாதியாக்குங்கள். எச்டிஆர் வசதியுள்ள திரை இருந்தால், அதன் கூடுதல் வெளிச்சத்தைக் கொண்டு இந்த இழப்பை ஈடுகட்டும் ஷேடர்களே உண்டு. இன்னொன்று: ஓலெட் திரைகள் பலவற்றில் மூன்று நிறங்களும் அமர்ந்திருக்கும் வரிசை சாதாரணத் திரையிலிருந்து வேறுபடும். அதற்குரிய மாஸ்கை ஷேடரின் அமைப்பில் தேர்ந்தெடுக்காவிட்டால் வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும்.

கேள்வி: தாத்தா வீட்டில் மரப்பெட்டியில் இருந்த சாலிடெர் கறுப்பு–வெள்ளை டிவியில்தான் நாங்கள் ஆடினோம். அதைப் போலவே அமைக்க விரும்பி, ஷேடரில் நிறத்தைப் பூஜ்யமாக்கினேன். ஏதோ பழைய புகைப்படம் போல இருக்கிறதே தவிர, அந்த டிவி போல இல்லை.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு நாட்டுக்கே 1982-இல்தான் வந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் நம் வீடுகளில் கறுப்பு–வெள்ளைப் பெட்டிகளே இருந்தன. சாலிடெரும் டயனோராவும் சென்னையிலேயே உருவானவை. ஆனால் இன்று கிடைக்கும் ஷேடர்களில் மிகப் பல வண்ண டிவிகளையும், அதிலும் சோனியின் ட்ரினிட்ரானையும் ஸ்டூடியோ மானிட்டர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நம் கூடத்தில் இருந்த பெட்டியை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் திருத்தம் மாஸ்க். கறுப்பு–வெள்ளைக் குழாயில் மாஸ்க் என்பதே கிடையாது. இதை நான் ஏட்டில் படித்ததோடு நிற்காமல், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வண்ண டிவியின் வெள்ளைப் பரப்பில் வைத்தால் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகள் செங்கல் அடுக்கியதுபோல் வரிசையாக நிற்கின்றன, நடுவில் கறுப்புச் சாந்து. கறுப்பு–வெள்ளைக் குழாயில் வைத்தால் எந்தத் துணுக்கும் இல்லை. மாவு பூசியதுபோல் ஒரே சீரான பரப்பு. அதன் மேல் ஒளிக்கோடுகள், நடுவில் பிரகாசமாகவும் ஓரங்களில் கரைந்தும், பஞ்சுத்திரி போலக் கிடக்கின்றன. ஆகவே மாஸ்கை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். பாதி வேறுபாடு அந்த நொடியே சரியாகிவிடும்.

இரண்டாவது, நிறத்தைச் சாம்பலாக்கும் கணக்கு. வெறுமனே நிறத்தைப் பூஜ்யமாக்கும்போது சில நிரல்கள் மூன்று நிறங்களுக்கும் சராசரி எடுத்துவிடுகின்றன. டிவி அப்படிச் செய்ததில்லை. அனுப்பப்படும் வெளிச்ச அலையில் சிவப்பின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம், பச்சையின் பங்கு 59, நீலத்தின் பங்கு 11. இந்த விகிதத்தில் போட்டால்தான் நீல வானம் போதிய அளவு கறுக்கும், மாரியோ கேமில் வரும் பச்சைக் குழாய் வெளிறும்.

மூன்றாவது, வெள்ளை. அந்தக் குழாய்களின் வெள்ளை தூய வெள்ளையன்று, நீலம் ஏறிய வெள்ளை. வேட்டிக்குச் சொட்டு நீலம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டதுபோல் இருக்கும். ஷேடரில் நிற வெப்பநிலையை 9300 கெல்வினுக்கு ஏற்றுங்கள். மஞ்சள் பூத்த பழுப்பு நிறம் பழைய காகிதத்துக்கு உரியது. டிவிக்கு அது ஒருபோதும் இருந்ததில்லை. உங்களுக்குப் புகைப்படம் நினைவுக்கு வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முகப்பில் நீலக் கண்ணாடித்தாள் மாட்டியிருந்த வீடு என்றால் இன்னும் சற்று ஏற்றலாம்.

கடைசியாக, படம் வருவதும் போவதும். குழாயின் இழை சூடாகச் சில நொடிகள் பிடிக்கும் என்பதால் முதலில் ஒலி வரும், படம் பின்னால் மெதுவாகத் தெளியும். அணைத்தால் படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நின்று மறையும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இவ்விரண்டையும் சிறு வீடியோவாகச் செய்து சேர்த்துவிட்டால் உங்கள் தாத்தா வீட்டுக் கூடம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: என் நினைவில் மாரியோ இன்னும் மெதுவாக ஓடுவார், பாட்டும் நிதானமாக இருக்கும், ஆளும் கொஞ்சம் குண்டு. நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நண்பர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தை வரைந்தது. பால் முறையில் 50 முறை. நின்டெண்டோ கருவியைப் பார்த்துப் பால் நாடுகளுக்காகச் செய்யப்பட்ட நகல் கருவிகள், ஜப்பானிய கேசட்டுகளை அப்படியே ஏற்றுக்கொண்டு, அவற்றை 50 முறை வேகத்தில் ஓட்டின. கேமின் ஓட்டமும் பாட்டின் தாளமும் ஒவ்வொரு படத்தையும் எண்ணியே நகர்பவை என்பதால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கின. ஒரு நிமிடப் பாட்டு 72 நொடி நீண்டது. வியப்பு என்னவென்றால், பாட்டின் சுருதி இறங்கவில்லை. சுருதியை நிர்ணயிப்பது சிப்பின் கடிகாரம். அந்த நகல் சிப்களில் கடிகாரம் மூலக் கருவியைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே தாழ்ந்திருந்தது. தாளம் மட்டும் தளர்ந்து, சுருதி அப்படியே நின்ற அந்தப் பாட்டைத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

குண்டாகத் தெரிந்ததற்கும் கணக்கு உண்டு. பால் டிவி ஒரு வீச்சில் 288 வரிகளைக் காட்டும். கேமிடம் இருந்ததோ 240 வரிகள். மீதி இடம் மேலும் கீழும் கறுப்பாக நிற்க, படம் உயரத்தில் அமுங்கிவிட்டது. அமெரிக்க டிவியில் ஒரு பிக்சலின் அகலம் அதன் உயரத்தைப்போல் 1.14 மடங்கு, பால் டிவியில் ஏறக்குறைய 1.39 மடங்கு. மாரியோ தலையால் முட்டும் செங்கல் நம் வீடுகளில் உண்மையிலேயே அகலமாகத்தான் இருந்தது.

இதை மீட்க, நெஸ்டோப்பியா, மெசன் ஆகிய எமுலேட்டர்களின் அமைப்பில் நாடு அல்லது முறை என்ற இடத்தில் 'டெண்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1992 முதல் ரஷ்யாவில் விற்கப்பட்ட இத்தகைய நகல் கருவியின் பெயர் அது. இந்த வகை வேகத்துக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. படத்தின் அகலத்தைக் கையால் கூட்டிக்கொள்ளுங்கள். மானிட்டரையும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றுவது அவசியம்; 60-இலேயே விட்டுவைத்தால் ஐந்து படங்களுக்கு ஒரு முறை ஒரு படம் இரட்டித்து, ஓட்டம் இடறும்.

கேள்வி: திரையைச் சுற்றி டிவி பெட்டியின் சட்டமும் தெரிய வேண்டும். இணையத்தில் கிடைப்பவை எல்லாம் வெளிநாட்டுப் பெட்டிகள். எங்கள் வீட்டு டயனோரா இன்னும் பரணில் இருக்கிறது. அதையே டிஜிட்டலாகச் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கட்டாயம் முடியும், தயவுசெய்து செய்யுங்கள். இந்த மாதக் கடிதங்களிலேயே என்னை மிகவும் மகிழ்வித்தது இதுதான்.

பெட்டியை இறக்கித் துடைத்து, நேரடி வெயில் படாத, வெளிச்சம் பரவலாக உள்ள வராந்தாவில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். திரை கறுப்பாக வர, உங்களுக்குப் பின்னால் ஒரு கருந்துணியைக் கட்டுங்கள். கேமராவைத் திரையின் நடுமட்டத்தில், குறைந்தது பத்தடி தள்ளி வைத்து, ஜூம் செய்து எடுங்கள். கிட்டப்போய் எடுத்தால் சட்டத்தின் நடுப்பகுதி பெருத்துவிடும். சட்டத்தின் மீது ஓர் அடிக்கோலைச் சாய்த்து வைத்து ஒரு படம் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகளுக்கு அதுவே ஆதாரம். சேனல் திருகு, ஒலிபெருக்கியின் துளைகள், பெயர்த்தகடு, மரத்தின் ரேகை ஆகியவற்றைத் தனித்தனியே கிட்டத்தில் எடுங்கள்.

பிறகு இரண்டு வழிகள் உண்டு. எளிய வழி, முன்பக்கப் படத்தை எடுத்து, திரை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி ஒளி ஊடுருவும்படி செய்து, பிஎன்ஜி கோப்பாக ரெட்ரோஆர்ச்சின் ஓவர்லேயில், அதாவது கேமின் மேல் படியும் அடுக்கில், வைப்பது. ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சட்டம் உயிரில்லாமல் நிற்கும். கேமில் வெடி வெடித்தாலும் அதன் மேல் ஒரு துளி வெளிச்சம் படாது. உண்மைப் பெட்டியில் திரையைச் சுற்றிய சாய்வான பிளாஸ்டிக் விளிம்பு, கண்ணாடியின் வெளிச்சத்தை வாங்கி மங்கலாகத் திருப்பிக் காட்டும். இருட்டறையில் ஆடியவர்களின் கண்ணில் இன்றும் நிற்பது அந்த விளிம்பின் மினுக்கம்தான் என்பேன்.

அதைக் கொண்டுவர இரண்டாவது வழி. பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில், அடிக்கோல் அளவுகளை வைத்துப் பெட்டியை வடித்து, எடுத்த படங்களை அதன் மேல் போர்த்துங்கள். கண்ணாடியின் வளைவை ஊகத்தில் விடாதீர்கள்: நேரான அடிக்கோலைத் திரையின் குறுக்கே நடுவில் தொடும்படி வைத்து, இரு ஓரங்களிலும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்; மேலிருந்து கீழாகவும் அப்படியே. இவ்வளவு போதும், வளைவின் ஆரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பகல் வெளிச்சத்தில் ஒன்று, இரவில் ஒன்று என இரு படங்களை உருவாக்கி, 'மெகா பெசல்' என்ற ஷேடர் தொகுப்பில் பெட்டியின் படமாகக் கொடுங்கள். கேமின் படத்தை விளிம்பில் பிரதிபலிக்கும் வேலையை அது செய்துவிடும். வலுவான கிராபிக்ஸ் கார்டு அதற்கு வேண்டும். இல்லாதவர்களுக்காக அதிலேயே எளிதாக்கிய அமைப்புகளும் உண்டு. கீறல்களை அழித்துவிடாதீர்கள். பெயர்த்தகட்டின் ஓரத்தில் உரிந்த முலாமும், திருகின் மேல் விரல் பட்டுப் பட்டு அழிந்த எண்ணும் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு மட்டுமே உரியவை.

கேள்வி: துப்பாக்கியால் வாத்து சுடும் கேம் எல்.இ.டி. டிவியில் ஏன் வேலை செய்வதில்லை? ஷேடரால் சரிசெய்யலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியாது. அந்தத் துப்பாக்கி வெளிச்சத்தை அனுப்பவில்லை, வாங்கியது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளையாகும். படக்குழாயின் கற்றைக்கே உரிய வேகத் துடிப்பை அந்த வெள்ளையில் கண்டால்தான் துப்பாக்கி அதைச் சரியான அடியாக ஏற்கும். இன்றைய திரை தாமதமாகவும், துடிப்பில்லாமலும் ஒளிர்கிறது. திரையைச் சுற்றி வெள்ளைக் கரை ஒன்றை வரைந்து, அதைக் கேமரா மூலம் கண்டறியும் புதிய துப்பாக்கிகள் சந்தையில் உள்ளன. எமுலேட்டருடன் அவை வேலை செய்யும்.

கேள்வி: பழைய டிவி ஒன்று படம் வராமல் கிடக்கிறது. பின்மூடியைக் கழற்றி நானே பார்க்கலாமா?
– ஒரு பள்ளி மாணவர், கரூர்

பதில்: கூடாது, தம்பி. வண்ணப் படக்குழாயில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும். குழாய் உடைந்தால் வெற்றிடத்துக்குள் காற்று பாய்ந்து கண்ணாடி சிதறக்கூடும். படக்குழாய் டிவியில் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுசெல்லுங்கள், அவர் வேலை செய்யும்போது அருகில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லா அமைப்பும் செய்துவிட்டேன். நின்றால் படம் அச்சு அசலாகப் பழைய டிவிதான். ஓடினால் மட்டும் மங்கிவிடுகிறது. ஏன்?
– ஒரு மென்பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: மற்ற எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. படக்குழாயில் ஒரு புள்ளி கணநேரம் பளிச்சிட்டு அணைந்துவிடும். அடுத்த படம் வரும்வரை அந்த இடம் இருட்டு. இன்றைய திரையோ ஒரு படத்தை 60-இல் ஒரு பங்கு நொடி முழுக்கப் பிடித்துவைக்கிறது. கண் ஓடும் பொருளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்க, படம் அதே இடத்தில் நிற்பதால், விழித்திரையில் அது இழுபட்டுவிடுகிறது. நொடிக்கு 960 புள்ளி வேகத்தில் காட்சி நகர்ந்தால் 16 புள்ளி அகலத்துக்கு இழுபடும். ஷேடர் எவ்வளவு நுணுக்கமாக வரைந்த வரியும் மாஸ்கும் அந்த 16 புள்ளியில் கரைந்துவிடும்.

இதற்கு மருந்து, வேகமான மானிட்டர். 2024 டிசம்பரில், திரைகளின் மங்கலை ஆராயும் பிளர் பஸ்டர்ஸ் தளத்தினர், கிராபிக்ஸ் துறையில் பெயர் பெற்ற திமோத்தி லாட்டஸுடன் சேர்ந்து, கற்றையின் ஓட்டத்தையே போலச் செய்யும் ஷேடர் ஒன்றை வெளியிட்டார்கள். 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது ஒவ்வொரு கேம் படத்தையும் நான்கு துண்டுக் காலங்களாகப் பிரித்து, வெளிச்சத்தை மேலிருந்து கீழாக உருட்டிச் செல்லும். முன்னால் உள்ள பகுதி ஒளிர, பின்னால் விட்ட பகுதி பாஸ்பர் போலத் தேய்ந்து மறையும். இழுபடுதல் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் இதற்கு வழியில்லை. விட்டுவிட்டு ஒளிர்வது என்பதால், மின்னும் வெளிச்சத்தால் வலிப்போ தலைவலியோ வரக்கூடியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல டிவி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதில்தான் என் தம்பி கேம் ஆடி வளர்ந்தான். பழைய இரும்புக்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: ஓடுகிற படக்குழாய் என்றால் கொடுக்காதீர்கள் அம்மா. இடமில்லை என்பதால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு வாரம் மட்டும் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

தம்பியிடம் சொல்லி முழு வெள்ளை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், கறுப்பின் மேல் வெள்ளைக் கட்டம் என ஐந்து படங்களைச் செய்து, பழைய டிவிடி பிளேயர் மூலம் ஒவ்வொன்றாக டிவியில் காட்டச் சொல்லுங்கள். அறையை இருட்டாக்கி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டர் நேரத்தை 25-இல் ஒரு பங்கு நொடிக்கு வைத்து எடுங்கள். அதைவிட வேகமாக எடுத்தால் கற்றை பாதியில் நிற்கும், படத்தில் கறுப்புப் பட்டை விழும். வெள்ளைப் படத்தை மட்டும் மேக்ரோ லென்ஸில், பாஸ்பர் துணுக்குகள் தெரியும்வரை கிட்டப்போய், திரையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் எடுங்கள். துணுக்குகள் வட்டமா, செங்கல் வடிவமா, நீண்ட பட்டையா என்பது அதில் தெரிந்துவிடும். அருகில் அடிக்கோல் ஒன்று இருக்கட்டும். கட்டம் போட்ட படத்தில் மூலைகள் எவ்வளவு வளைகின்றன என்பதைப் பாருங்கள். பிறகு தம்பி ஆடிய கேமையே ஓடவிட்டு, அவன் உட்காரும் இடத்திலிருந்து ஒரு படம், ஒரு நிமிட வீடியோ. டிவியை அணைத்து, மறுபடி போட்டு, அதையும் ஒலியோடு பதிவு செய்யுங்கள். இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். தம்பி எப்போதாவது இந்த டிவியை மானிட்டரில் வரவழைக்க உட்கார்ந்தால், அவனுக்குத் தேவையான எல்லா அளவும் அந்தப் படங்களில் இருக்கும்.